கவுன்சிலுக்குச் சொந்தமான லிஸ்டட் கட்டடம் ஒழுகுது. கவுன்சிலை ஆர் கேட்கிறது?

சனிக்கிழமை ரீச்சர்:

எல்லாருக்கும் வணக்கம். இங்கிலாந்தில பிளானிங், கட்டட வேலை தெரிஞ்ச ஆக்கள் ஆராவது இருந்தால் ஒருக்கா வாசிச்சுப் பாருங்கோ. கொஞ்சம் நீளம், மன்னிச்சுக் கொள்ளுங்கோ.

எங்கட தமிழ்ப் பள்ளிக்கூடம் 19 வருசமா ஒரு பழைய ஹோலில நடக்குது. லண்டனுக்கு வெளியால, சின்ன ரவுண். ஹோல் கவுன்சிலின்ர, அதாவது உள்ளூராட்சி சபையின்ர. 1900ஆம் ஆண்டளவில கட்டினது. சிவப்புச் செங்கல், முன்னுக்கு மணிக்கூடு, உள்ளுக்க மேடைக்கு மேல பிளாஸ்ரரில செய்த பூவேலை. கிரேட் 2 லிஸ்டட், அதாவது பாதுகாக்க வேண்டிய பழைய கட்டடம் எண்டு நாட்டின்ர பட்டியலில பதிஞ்சது. விஜயதசமிக்கு அந்த மேடையிலதான் பாய் விரிச்சு ஏடு தொடக்குவம். என்ர மகள் அதில இருந்துதான் முதல் ‘அ’ எழுதினவள். இப்ப அவளே சனிக்கிழமைகளில வந்து சின்னப் பிள்ளையளுக்குப் படிப்பிக்கிறாள்.

நாலு வருசத்துக்கு முதல் மேடையின்ர இடப்பக்க மூலையில ஒழுக்குத் தொடங்கிச்சு. வாளி வைச்சம். கவுன்சிலுக்கு ஈமெயில் போட்டன். ஒரு முறைப்பாட்டு நம்பர் வந்திச்சு. அடுத்த மாரிக்கு ரெண்டு வாளி. திருப்பி ஈமெயில், திருப்பி ஒரு நம்பர். வெளியால நிண்டு பார்த்தால் அந்த மூலையில, கூரைத் தண்ணி ஓடுற பீலிக்குள்ள ஒரு செடி முளைச்சு, கோடையில ஊதாப் பூவும் பூத்திருக்கு. அதையும் படம் எடுத்து அனுப்பினன். என்னட்ட இப்ப 11 நம்பர் இருக்கு.

போன நவம்பர் ஒரு வெள்ளி இரவு அந்த மூலையில பிளாஸ்ரர் விழுந்திட்டுது. சனி காலமை திறப்பைப் போட்டு உள்ளுக்க போனால் மூண்டாம் வகுப்புப் பிள்ளையள் இருக்கிற கதிரையளுக்கு மேல முழுக்கக் கட்டி கட்டியாக் கிடக்கு. ஒரு துண்டைத் தூக்கிப் பார்த்தன், ஒரு கையால தூக்க ஏலாத பாரம். பன்னிரண்டு மணித்தியாலம் பிந்தி விழுந்திருந்தால் எண்டு நினைக்க இப்பவும் எனக்கு நித்திரை வராது.

கவுன்சில் ஹோலைப் பூட்டி, பின்பக்கத்தில ரெண்டு அறை தந்தது. 110 பிள்ளையள், ரெண்டு அறையும் ஒரு கொறிடோரும். பிறகு கடிதம் வந்திச்சு: கட்டடம் ‘மீளாய்வில்’ இருக்காம், விற்கிறதும் ஒரு தெரிவாம். கூட்டத்தில ஒரு ஒபிசர் சொன்னார், கட்டடத்தின்ர நிலைமை மோசமாப் போனதால இனித் திருத்திறது கட்டுபடியாகாது எண்டு. மோசமாப் போகேக்க பார்த்துக்கொண்டு இருந்தது ஆர்?

எங்கட தெருவில ஒருத்தர் லிஸ்டட் வீட்டில இருக்கிறார். கேட்காமல் பிளாஸ்ரிக் ஜன்னல் போட்டதுக்கு இதே கவுன்சில் கடிதம் போட்டு, கழட்டி மரத்தில போட வைச்சது. அது சரிதான், நான் பிழை சொல்லேல்ல. ஆனால் அப்பிடி ஒரு கடிதத்தைக் கவுன்சிலுக்கு ஆர் போடுறது? பராமரிக்க வேணும் எண்டு கவுன்சிலுக்குச் சட்டக் கடமை இருக்கோ இல்லையோ? ஆபத்தில இருக்கிற கட்டடங்களின்ர பட்டியலிலயும் தேடினன், எங்கட ஹோல் அதில இல்லை. ஏன்?

---

ஈரச்சுவர்:

வணக்கம் அக்கா. நான் கட்டட சர்வேயர், 22 வருடமாக இந்த வேலை. அதில் ஒன்பது வருடம் ஒரு கவுன்சிலின் சொத்துப் பிரிவில் இருந்தேன். நீங்கள் கேட்ட மூன்று கேள்விக்கும் என்னிடம் பதில் இருக்கிறது. முதல் பதில் உங்களுக்குப் பிடிக்காது.

லிஸ்டட் கட்டடத்தை நல்ல நிலையில் வைத்திருக்க வேண்டும் என்று இங்கிலாந்தில் எந்த உரிமையாளருக்கும் பொதுவான சட்டக் கடமை இல்லை. கவுன்சிலுக்கும் இல்லை. லிஸ்டட் கட்டடங்களுக்கான 1990 சட்டம் தடுப்பது அனுமதி இல்லாமல் இடிப்பதையும், கட்டடத்தின் தன்மை கெடும்படி மாற்றுவதையும்தான். அது கிரிமினல் குற்றம், இரண்டு வருடம் வரை சிறை உண்டு. கவுன்சிலும் அந்த அனுமதி வாங்கியே ஆக வேண்டும். ஆனால் ஒன்றும் செய்யாமல் மழையில் நனைய விடுவது அந்தச் சட்டப்படி குற்றம் ஆகாது.

அதற்கு மருந்தாக அதே சட்டத்தில் இரண்டு பிரிவுகள் வைத்தார்கள். 54ஆம் பிரிவின்படி, அவசர வேலையைக் கவுன்சிலே செய்துவிட்டு உரிமையாளரிடம் பணம் கேட்கலாம். 48ஆம் பிரிவின்படி, இன்னின்ன பழுதைப் பார் என்று நோட்டீஸ் கொடுக்கலாம். இரண்டு மாதத்தில் நடக்கவில்லை என்றால் கட்டாயமாகக் கையகப்படுத்தும் நடவடிக்கையைத் தொடங்கலாம். தனியார் கட்டடத்துக்கு இவை நல்ல ஆயுதம். உரிமையாளரே கவுன்சில் என்றால் தனக்குத் தானே நோட்டீஸ் கொடுத்துக்கொள்ள முடியாது. மத்திய அமைச்சர் தலையிடச் சட்டத்தில் இடம் உண்டு, என் அனுபவத்தில் அது நடந்து நான் பார்த்ததில்லை. உங்கள் தெருக்காரருக்கு வந்த கடிதம் கவுன்சிலுக்கு ஏன் வரவில்லை என்பதற்கு இதுதான் காரணம். எனக்கும் இது பெரிய அநியாயமாகத்தான் படுகிறது.

பட்டியல் விஷயம்: பாரம்பரியக் கட்டடங்களுக்கான அரசு அமைப்பான ஹிஸ்டாரிக் இங்கிலாந்தின் ஆபத்துப் பட்டியலில், மேல் இரண்டு தரங்களான கிரேட் 1, கிரேட் 2 ஸ்டார் கட்டடங்கள்தான் சேரும். சாதாரண கிரேட் 2 என்றால் லண்டனுக்குள் இருக்க வேண்டும், அல்லது வழிபாட்டு இடமாக இருக்க வேண்டும். நாட்டில் லிஸ்ட் ஆனவற்றில் பத்தில் ஒன்பதுக்கு மேல் கிரேட் 2தான். அதாவது லண்டனுக்கு வெளியே பெரும்பாலான கட்டடங்கள் அந்தப் பட்டியலின் கண்ணிலேயே படாது. சேவ் பிரிட்டன்ஸ் ஹெரிடேஜ் என்ற அமைப்பு லண்டனுக்கு வெளியே காலியாகவோ சிதைந்தோ கிடக்கும் கிரேட் 2 கட்டடங்களுக்குத் தனிப் பட்டியல் வைத்திருக்கிறது. படங்களோடு அவர்களுக்கு எழுதுங்கள்.

இனி நான் உள்ளே இருந்து பார்த்தது. கவுன்சில் என்பது ஒரே ஆள் இல்லை. கூரை சொத்துப் பிரிவின் பொறுப்பு. பாரம்பரியக் கட்டடங்களைக் கவனிக்கும் கன்சர்வேஷன் ஆபீசர் பிளானிங் பிரிவில் இருப்பார். பல ஊர்களில் ஒரே ஒருவர், அவரும் வாரத்தில் சில நாள்தான். உங்கள் 11 ஈமெயிலும் சொத்துப் பிரிவின் பழுது அஞ்சல் பெட்டிக்குத்தான் போயிருக்கும். மூலையில் பிளாஸ்டர் விழுந்தது கன்சர்வேஷன் ஆபீசருக்குத் தெரிந்திருக்கவே வாய்ப்பில்லை. இன்றைக்கே அவருக்கு எழுதுங்கள்.

பணமும் இரண்டு பெட்டி. தினசரிச் செலவு ஒன்று, மூலதனம் ஒன்று. பீலி சுத்தம் செய்வது தினசரிச் செலவில் வரும். முதியோர் பராமரிப்பு, குப்பை எல்லாம் அதே பெட்டி, முதல் வெட்டு பீலியின் மேல்தான் விழும். கூரையையே மாற்றுவது மூலதனம், அதற்குக் கடன் வாங்கலாம். ஆளை உயரே ஏற்றும் தூக்கி வண்டியை ஒரு நாள் வாடகைக்கு எடுத்து இலை அள்ளப் பணம் இல்லாத கவுன்சில், ஏழு வருடம் கழித்து ஆறு இலக்கத்தில் கூரைக்கு ஒப்பந்தம் போடுவதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஒரு பழைய நூலகத்துக்கு மூன்று வருடம் தொடர்ந்து ‘பீலி அடைப்பு, உடனே’ என்று அறிக்கை எழுதினேன். மூன்று வருடமும் அந்தச் செலவை வெட்டிவிட்டார்கள். நான்காம் வருடம் உத்தரத்தின் நுனியில் விரலை வைத்தேன், விரல் உள்ளே போனது. அந்த வாசனை இன்னும் எனக்கு மறக்கவில்லை.

உங்கள் ஒபிசர் சொன்னதற்கு வருகிறேன். தேசிய பிளானிங் கொள்கையில் தெளிவாக இருக்கிறது: ஒரு பாரம்பரியக் கட்டடத்தை வேண்டுமென்றே கவனிக்காமல் விட்டதற்கோ சேதப்படுத்தியதற்கோ ஆதாரம் இருந்தால், அது சிதைந்த நிலையை எந்த முடிவிலும் கணக்கில் எடுக்கக் கூடாது. ‘மோசமாகிவிட்டது, அதனால் இடிக்கிறோம், மாற்றுகிறோம்’ என்று கவுன்சிலோ வாங்குபவரோ நாளைக்கு விண்ணப்பம் போட்டால் அங்கே இது பேசும். ‘வேண்டுமென்றே’ என்பதை நிறுவுவது கடினம்தான். அதற்குத்தான் உங்கள் 11 நம்பர். தேதி, படம், வந்த பதில், எல்லாவற்றையும் ஒரே கோப்பில் போடுங்கள். நீங்கள் நான்கு வருடமாக வைத்திருப்பதுதான் இந்த வழக்கின் உயிர்.

கூடவே, அந்தக் கட்டடத்தின் நிலை பற்றிய எல்லா சர்வே அறிக்கையும், கடந்த பத்து வருடப் பராமரிப்புச் செலவும் தகவல் சுதந்திரச் சட்டத்தில் கேளுங்கள். 20 வேலை நாளில் பதில் தர வேண்டும். இன்னொன்று பலருக்குத் தெரியாது: ஆண்டுக்கு ஒருமுறை 30 வேலை நாள் கவுன்சிலின் கணக்கு, ஒப்பந்தம், பில் எல்லாவற்றையும் பார்வைக்கு வைக்க வேண்டும். உள்ளூர் வாக்காளராகப் போய்ப் பார்க்கலாம், தணிக்கையாளரிடம் கேள்வியும் கேட்கலாம். அறிவிப்பு கவுன்சில் இணையதளத்தில் வரும்.

கடைசியாக ஒன்று, இது சட்டமில்லை, உயிர். அந்தக் காலத்து மேடைப் பூவேலை பெரும்பாலும் அச்சில் வார்த்த பிளாஸ்டர். சணல் துணியைப் பிளாஸ்டரில் முக்கி மரச் சட்டத்தில் கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். தண்ணீர் பட்டால் அந்தக் கட்டுதான் முதலில் நைந்து போகும், கீழே இருந்து பார்த்தால் பூ அழகாகவே இருக்கும். 2013 டிசம்பரில் லண்டன் அப்பல்லோ தியேட்டரில் நாடகம் நடந்துகொண்டிருக்கும்போதே கூரையின் ஒரு பகுதி விழுந்து எழுபது பேருக்கு மேல் காயப்பட்டார்கள். அங்கேயும் நைந்தது அந்தக் கட்டுகள்தான். ஆகவே ஹோலைப் பூட்டியதற்குக் கவுன்சிலைக் குறை சொல்லாதீர்கள். மேலே ஏறி மீதிக் கட்டுகளைப் பார்த்தார்களா என்று கேளுங்கள்.

---

கோயில் பொருளாளர்:

பிள்ளை, உங்கட கதை எங்கட கதை மாதிரியே கிடக்கு. அடுத்ததா என்ன வரும் எண்டு சொல்லுறன். ‘நீங்களே ஹோலை எடுத்து நடத்துங்கோவன், ஒரு பவுண் வாடகை’ எண்டு கேட்பினம். கேட்க இனிப்பா இருக்கும். நாங்கள் வேற ஒரு ரவுணில 25 வருசத்துக்குக் கையெழுத்து வைச்சம். குத்தகையில ‘முழுப் பழுதும் காப்புறுதியும் குத்தகைக்காரர் பொறுப்பு’ எண்டு ஒரு வரி. எங்கட கமிட்டியில பத்துப் பேர் வாசிச்சம், ஒருத்தருக்கும் அந்த வரியின்ர பாரம் விளங்கேல்ல. முப்பது வருசமா அவை விட்ட பிழை எல்லாம் அண்டைக்குப் பின்னேரம் எங்கட கடனாப் போச்சு.

அதோட வாட் வரி. திருத்த வேலைக்கு 20 சதவீதம். அதே வேலையைக் கவுன்சில் செய்தால் அந்த வரியை அநேகமாத் திருப்பி எடுக்கும். வாட் பதிவு இல்லாத சின்னத் தொண்டு அமைப்பு எடுக்க ஏலாது. ஒரே கூரை, ஒரே மேசன், எங்களுக்கு அஞ்சில ஒரு பங்கு கூட. அதனால கூரையைக் கவுன்சில் திருத்தித் தரட்டும், அதுக்குப் பிறகுதான் குத்தகை எண்டு நில்லுங்கோ. கையெழுத்து வைக்க முதல் உங்கட காசில உங்கட சர்வேயரைக் கூட்டிக்கொண்டு போங்கோ. அந்தக் காசை மிச்சம் பிடிச்சது நான்தான். இண்டைக்கும் கூட்டத்தில அதைச் சொல்லி நான் மன்னிப்புக் கேட்கிறனான்.

விற்கப் போகினம் எண்டால், 2011 சட்டப்படி ‘சமூகச் சொத்து’ எண்டு பதியக் கேட்கலாம். பதிவு இல்லாத சங்கம் எண்டால் 21 உள்ளூர் வாக்காளர் வேணும். எட்டுக் கிழமையில கவுன்சில் முடிவு சொல்ல வேணும். பதிஞ்சால் அஞ்சு வருசம் நிற்கும். விற்க வெளிக்கிட்டால், வாங்க விருப்பம் எண்டு ஆறு கிழமைக்குள்ள எழுதிக் குடுத்தால் ஆறு மாசம் விற்பனை நிற்கும். உங்களுக்குத்தான் விற்க வேணும் எண்டு அது கட்டாயப்படுத்தாது, அவகாசம் மட்டும்தான்.

‘கூடின விலைக்குத்தான் குடுக்கச் சட்டம்’ எண்டும் சொல்லுவினம். அது 1972 சட்டம், உண்மைதான். ஆனால் ஊருக்கு நன்மை எண்டு காட்டினால் ரெண்டு மில்லியன் பவுண் வரைக்கும் குறைச்சுக் குடுக்க 2003இல பொது அனுமதி இருக்கு. அதைத் தெரியாத கவுன்சிலர்மார் கனபேர். சரியாச் செய்த இடங்களும் இருக்கு. பர்மிங்ஹாமில மோஸ்லி ரோட் நீச்சல் குளம், 1907இல திறந்தது, கிரேட் 2 ஸ்டார். கவுன்சில் மூடப் போகுது எண்டேக்க ஊர்ச் சனம் சேர்ந்து அமைப்பாக்கி, 2018இல இருந்து நடத்துது. கட்டடம் இப்பவும் கவுன்சிலின்ரதான்.

---

இரவுப்பணி:

ஒரு மாற்றுக் கருத்து, கோபிக்காதீர்கள். நான் முதியோர் பராமரிப்பில் வேலை செய்கிறேன், சம்பளம் வருவது கவுன்சில் ஒப்பந்தத்தில். குரோய்டன் 2020இல், பர்மிங்ஹாம் 2023இல், நாட்டிங்ஹாமும் அதே வருடத்தில் ‘செலவுக்குப் பணம் இல்லை’ என்று 114 நோட்டீஸ் போட்டார்கள். காலையில் நான் குளிப்பாட்டும் அம்மாவுக்குக் கொடுத்த 30 நிமிடத்தை 20 ஆக்கிவிட்டார்கள். பூவேலையா, அந்த அம்மாவா என்று கேட்டால் எனக்குப் பதில் தயங்காமல் வரும். இருக்கிற கட்டடத்தில் நாலை விற்றால்தான் என்ன?

---

ஈரச்சுவர்:

உங்கள் கேள்வி நியாயமானது, அந்த அம்மாவைப் பற்றி நீங்கள் சொன்னது மனதைத் தைத்தது. ஆனால் ஹோலை விற்ற பணம் அவருக்குப் போகாது. சொத்து விற்ற பணம் மூலதனப் பெட்டிக்குத்தான் போகும். விசேஷ அனுமதி இல்லாமல் அதைத் தினசரிச் செலவுக்கு எடுக்க முடியாது. உண்மையில் அந்த அம்மாவோடு போட்டியில் இருப்பது வருடம் இருமுறை பீலி சுத்தம் செய்யும் சில நூறு பவுண்டுதான். அதை மிச்சம் பிடித்ததால் வந்த கூரைக் கடனுக்கு வட்டி கட்டுவது எந்தப் பெட்டியில் இருந்து தெரியுமா? அதே தினசரிப் பெட்டி. எல்லாக் கட்டடத்தையும் கவுன்சிலே வைத்திருக்க வேண்டும் என்று நானும் சொல்லவில்லை. விற்கட்டும். நனைய விட்டு விற்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

---

சனிக்கிழமை ரீச்சர்:

ஏழு கிழமைக்குப் பிறகு வாறன். எல்லாருக்கும் நன்றி, இரவுப்பணிக்கும் சேர்த்து. அவர் கேட்டதைக் கவுன்சிலர் ஒருத்தரும் அப்பிடியே கேட்டவர். ஈரச்சுவர் தம்பி எழுதினது இல்லாட்டி நான் வாயைத் திறந்திருக்க மாட்டன்.

கன்சர்வேஷன் ஒபிசருக்கு எழுதி ஒம்பதாம் நாள் அவவே வந்தா. தம்பி சொன்ன மாதிரியேதான், ஒருத்தரும் அவவுக்குச் சொல்லேல்ல. முகம் சிவந்து போச்சு. அடுத்த கிழமை தூக்கி வண்டி வந்து பீலியைத் துப்புரவாக்கினவை. மூலைத் தொட்டிக்குள்ள புறாக்கூடும், ஒரு ரெனிஸ் போலும். ஊதாப் பூச்செடியின்ர வேர் செங்கல்லுக்குள்ள ஒரு முழம் போயிருந்திச்சு. எல்லாம் அரை நாள் வேலை. நாலு வருசமாக் கேட்ட வேலை. நான் வெளியால நிண்டு பார்த்து அழுதிட்டன்.

தகவல் கேட்டதுக்குப் பதிலும் வந்திட்டுது. 2019இல ஒரு சர்வே செய்திருக்கினம். 14ஆம் பக்கத்தில ‘வடகிழக்கு மூலைப் பீலி, மூண்டு மாசத்துக்குள்ள’ எண்டு இருக்கு. பக்கத்தில செலவு: 480 பவுண்.

வாற வியாழன் கமிட்டிக் கூட்டம். பொதுமக்களுக்கு மூண்டு நிமிசம் தருவினம். மகள் என்ர பேச்சை இங்கிலீசில திருத்தித் தந்தவள். ஏடு தொடக்கின கதையை முதல் சொல்லுறதோ, 14ஆம் பக்கத்தை முதல் வாசிக்கிறதோ எண்டு யோசிக்கிறன்.

---

ஈரச்சுவர்:

14ஆம் பக்கம் முதலில், அக்கா. தேதியையும் தொகையையும் நிறுத்தி வாசியுங்கள். அதோடு உங்கள் முதல் ஈமெயிலின் தேதி. அந்தப் பக்கத்தின் நகல் ஒவ்வொரு உறுப்பினர் கையிலும் இருக்கட்டும், கூட்டத்துக்கு முன்பே எழுத்தரிடம் கொடுத்துவிடுங்கள். ஏடு தொடக்கியதைக் கடைசி அரை நிமிடத்தில் சொல்லுங்கள்.

ஒரு கோரிக்கையையும் எழுத்தில் வையுங்கள்: பிளாஸ்டரை ஒட்டுவதற்கு முன் அந்த மூலையில் உத்தர நுனிகளைத் திறந்து ஈரம் அளக்க வேண்டும். மரத்தில் 20 சதவீதத்துக்கு மேல் இருந்தால் முதலில் காய விடட்டும், அவசரப்பட்டு மூடினால் உள்ளே பூஞ்சை பிடிக்கும். செங்கல் இடுக்கை நிரப்பும்போது சுண்ணாம்புச் சாந்து போடச் சொல்லுங்கள். சிமெண்ட் வைத்தால் உள்ளே போன ஈரம் வெளியே வர வழி இருக்காது. கன்சர்வேஷன் ஆபீசருக்கு இது தெரியும், ஆனால் சாரத்தில் ஏறும் மேசனுக்கு யாராவது சொன்னார்களா என்று அன்று காலையில் நீங்களே போய்க் கேளுங்கள்.